நீர் புகாது என்று விற்கப்பட்ட பின்பாயிண்டரில் நீர் புகுந்தது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பழுதான பின்பாயிண்டருக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது, பெட்டியில் முக்கிய விவரங்கள் இல்லாதது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மெட்டல் டிடெக்டருடன் சேர்த்துப் பயன்படுத்துவதற்காக உங்கள் நிறுவனத்தின் பின்பாயிண்டரை (டிடெக்டர் காட்டிய இடத்தில் பொருள் சரியாக எங்கே இருக்கிறது என்று முனையால் காட்டும் சிறு கைக்கருவி) வாங்கினேன். கடலோர ஈர மணலில் அது உதவவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் வைத்துத் தேடியபோது அடியோடு நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் முடியும் முன்பே அனுப்பி வைத்தேன். "நீரால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதத்தில் அடங்காது" என்று ஒரே வரி எழுதி உங்கள் சேவை மையம் திருப்பி அனுப்பிவிட்டது. தண்ணீரில் பயன்படுத்தவே விற்கப்பட்ட கருவிக்கு இப்படி ஒரு பதிலை எந்த வாடிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

பெட்டியின் முகப்பில் ஐபி68 என்ற, தூசியும் நீரும் புகாத தன்மைக்கான தரக் குறியீட்டைப் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் 6 என்பது தூசி உள்ளே போகாது என்பதைக் குறிக்கிறது. அடுத்த இலக்கம் 7 ஆக இருந்தால் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்று தரநிர்ணயமே வரையறுத்திருக்கிறது. 8 அதைவிடக் கடுமையான நிலை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் முழங்கால் ஆழம் 1 மீட்டருக்குக் குறைவு. அதையே தாங்காத கருவியில் 8 என்று போட்டதற்கு என்ன ஆதாரம்?

பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் பிளாஸ்டிக் பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது அழுத்திய இடத்தில் ரப்பர் தட்டையாகி, மெல்லிய வெட்டு விழுந்திருக்கிறது. உப்பு நீர் வழிந்த தடம் அங்கே தொடங்கிப் பேட்டரி ஸ்பிரிங் வரை போகிறது. ஸ்பிரிங்கின் அடிப்பகுதி பச்சை பூத்துவிட்டது. அச்சில் வார்க்கும்போது நேர்ந்த குறை இது. படங்களை அப்போதே அனுப்பினேன். அவற்றை யாரும் திறந்து பார்த்ததற்கான அறிகுறி உங்கள் பதிலில் இல்லை.

பழுதாவதற்கு முன்பும் ஈர மணலில் அதை நம்ப முடியவில்லை. முனையை மணலில் வைத்தாலே அதிரும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஓயாமல் ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் முனை அந்த ஈரத்தையே உலோகமாக எடுத்துக்கொள்கிறது. கறுப்பு மணலில் உள்ள காந்தத் தாதுக்களும் அதைக் குழப்பும். பொத்தானை அழுத்தி மணலுக்கு ஏற்பச் சரிசெய்தால் சத்தம் அடங்குகிறது, ஆனால் உணர்திறனும் சேர்ந்து குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாணயம் முனையைத் தொடும் தூரத்துக்கு வந்தால்தான் ஒலிக்கிறது. அலை வரும் இடத்தில் தோண்டிய குழி நொடியில் மூடிக்கொள்ளும். முனை பொய் சொன்னால் பொருள் கைக்கு எட்டாமலே போய்விடும். மண்வெட்டி அதைக் கீறிவிடவும் கூடும். பின்பாயிண்டர் வாங்குவதே இவை இரண்டையும் தவிர்ப்பதற்குத்தான்.

பல்ஸ் இண்டக்‌ஷன் வகை முனைகள் துடிப்பை அனுப்பி நிறுத்தியபின் எதிரொலியைக் கேட்கின்றன. உப்பு நீரின் எதிரொலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் கடற்கரையில் அவை நிதானமாக இருக்கும். மெல்லிய சங்கிலி, சிறு தங்கத் துணுக்கு போன்றவற்றை அவை தவறவிடக்கூடும் என்பதும் உண்மை. இரண்டு வகைக்கும் அதனதன் இடம் உண்டு. எந்த வகை என்று தெரிந்தால்தான் வாங்குபவர் தன் நிலத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் பெட்டியில் இருப்பதோ "மேம்பட்ட தொழில்நுட்பம்" என்ற இரண்டு சொற்கள். வாங்கும் முன் தொலைபேசியில் கேட்டபோதும் "எல்லா நிலத்துக்கும் ஏற்றது" என்றே உங்கள் ஊழியர் உறுதியளித்தார்.

இயங்கும் அதிர்வெண்ணையும் நீங்கள் குறிப்பிடவில்லை. டிடெக்டரின் அதிர்வெண்ணுக்கு அது நெருக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கத்த வைக்கும். பொருளைக் கண்டறியும் தூரம் "10 செ.மீ. வரை" என்கிறீர்கள், காற்றில் அளந்ததா, மண்ணிலா, எவ்வளவு பெரிய பொருளுக்கு?

என் கோரிக்கைகள் இவை. கருவிக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஓ-ரிங் பள்ளத்தில் பிசிறு இல்லை என்று நீங்கள் சோதித்து உறுதி செய்த மாற்றுக் கருவி என்றாலும் ஏற்பேன். உத்தரவாதத்தை மறுத்தது எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆழம், நேரம், தொழில்நுட்ப வகை, அதிர்வெண் ஆகிய நான்கையும் இனி வரும் பெட்டிகளில் அச்சிட வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். ரசீது நகல், படங்கள், சேவை மையத்தின் பதில் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்