பூனைகளைப் பிடிக்க ஆள் அனுப்பும் முன்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வளாகத்தில் திரியும் பூனைகளை ஆள் வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே விடப்போவதாக நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். 'எங்கிருந்தோ வந்து சேர்ந்த தொல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவை வந்த வழி நன்றாகவே தெரிந்ததுதான்.

மேற்காசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. யாரும் கயிறு கட்டி இழுத்து வரவில்லை. சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகாம்போஸில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றைப் பற்றி பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004-ல் அறிவித்தார்கள். சிப்பிகளும் மெருகேற்றிய கற்களும் வைத்துப் புதைக்கப்பட்ட ஒரு மனிதர்; 40 சென்டிமீட்டர் தள்ளி, தனிக் குழியில், ஏறக்குறைய எட்டு மாதப் பூனை. இரண்டு தலைகளும் மேற்குப் பக்கம். அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

எகிப்தியர் பூனையைக் கும்பிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவர்கள் பக்தியோடு பதப்படுத்தி வைத்த பூனை உடல்களை 1890-ல் லிவர்பூலுக்குக் கப்பலில் கொண்டுவந்து உரத்துக்காக ஏலம் விட்டார்கள்.

சரி, பூனை உத்தமன் என்று வாதாட வரவில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் காலடியில் எலிகளையும் செதுக்கிய பல்லவர் காலச் சிற்பிக்கு அதன் குணம் அத்துப்படி. பி பிளாக் மூன்றாம் மாடியில் வறுத்த மீன் காணாமல் போனதும் உண்மைதான்.

ஆனால் தீனி இருக்கும்வரை பூனை வரும். அந்த பிளாக்கின் பின்னால் குப்பைத் தொட்டிக்கு மூடி கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், பிரியாணிப் பொட்டலத்தைப் பெருச்சாளிகள் இழுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பூனைகளை அப்புறப்படுத்தினால் பக்கத்துத் தெருப் பூனைகள் வந்து உட்காரும். அதோடு, பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஆள்கூலிக்கு ஒதுக்கிய பணத்தில் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். பிடிப்பதற்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதற்கும் ஏ பிளாக்கில் நாங்கள் நாலு பேர் தயார். தொட்டிக்கு மூடி போடுவது உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பூனை பிடிப்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஏ பிளாக் குடியிருப்பாளர்