மட்டக்களப்பு, அம்பாறை கராஜ் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாஸ்மாருக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிமாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பேஜோ, ரெனோ, சிட்ரோன் என்ற பிரெஞ்சுக் கார்களை வைத்திருக்கும் கொஞ்சப் பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கராஜ் நிறைய டொயோட்டாவும் சுசுக்கியும் நிற்கும்போது ஒரு பேஜோ 307 வந்து நின்றால், "இதைக் கொழும்புக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிடுவது உங்களுக்கு லேசு. எங்களுக்கு அது 300 கிலோமீற்றர் அளவான பாதை, லொறியில் ஏற்றும் கூலி, கார் இல்லாமல் கிடக்கும் வீடு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது என்றாலும், புதுக் காரின் விலை கைக்கு எட்டவில்லை. இருப்பதை விற்றுவிட்டு வேறு எடுக்கவும் வழியில்லை. ஆகவே இந்த வேலைகள் இங்கேயே நடக்க வேண்டும். உங்கள் கைத்திறனில் எங்களுக்குச் சந்தேகமில்லை. இந்தக் கார்களுக்கு வரும் பல பழுதுகள், ஜப்பான் கார் பழக்கத்திலேயே கை வைப்பதால் வருகின்றன. எங்கே வித்தியாசம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் சஸ்பென்ஷன், ஏனென்றால் பலர் இந்தக் காரை விரும்பி வாங்கியதே அதற்காகத்தான். மகியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்கும்போது கார் பாதையோடு ஒட்டிக்கொண்டு வருவது, புஷ்ஷும் சொக் அப்சோபரும் ஒழுங்காக இருக்கும் வரைக்கும்தான். முன் லோவர் ஆர்ம் மாற்றும்போது என்ன நடக்கிறது? காரை ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கிக்கொண்டிருக்க, புஷ் போல்ட்டை இறுக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். புஷ்ஷின் றப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டப்பட்டது. தொங்கிய நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் றப்பர் முறுகியபடியே நிற்கும். பிறகு ஒவ்வொரு குழியிலும் இன்னும் முறுகும். சில மாதத்தில் கிழிந்து டொக் டொக்கென்று சத்தம் கிளம்பும். பழி பார்ட்ஸ் மேல் விழும்.

போல்ட்டை முதலில் கையால் மட்டும் பூட்டுங்கள். காரை நான்கு சில்லிலும் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பொனட் பக்கத்தை இரண்டு மூன்று தரம் அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். குழி இல்லாத கராஜ் என்றால், ஆர்முக்குக் கீழே இரண்டாவது ஜக் கொடுத்து, சில்லு வழமையாக நிற்கும் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு இறுக்கலாம். ஜப்பான் காருக்கும் இதே விதிதான் என்பது உங்களுக்குத் தெரியும். அவசரத்தில் விடுபட்டுப் போகிறது. இன்னொன்று: முன்னால் சத்தம் என்றவுடன் ஆர்மில் கை வைக்காமல் ஸ்டெபிலைசர் லிங்கை ஆட்டிப் பாருங்கள். முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் அதுதான், விலையும் மலிவு.

பின் அச்சைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பேஜோ 206, 306, பழைய பார்ட்னர் ஆகியவற்றில் பின் ஆர்ம் ஒவ்வொன்றும் ஒரு தண்டில் சுழலும். தண்டை இரண்டு ஊசி பெயாரிங் தாங்கும், வெளியே ஒரு சீல். சீல் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும். மாரியில் எங்கள் வீதிகளில் தேங்கும் வெள்ளத்துக்கும், கடற்கரை வீதிகளின் உப்பு மணலுக்கும் அது போதும். கிறீஸ் கழுவுண்டு, பெயாரிங் துருப்பிடித்து, ஊசிகள் தண்டையே அரிக்கத் தொடங்கும். காருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: இரண்டு சில்லும் மேலே நெருங்கிக் கீழே விரிந்து நிற்கும். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். இந்தக் காரை வீல் எலைன்மென்ட் செய்யும் இடத்துக்கு அனுப்பிப் பயனில்லை, அந்த அச்சில் பின் சில்லின் சாய்வைத் திருகிச் சரிசெய்ய இடமே கிடையாது. புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

நேரத்தோடு பிடித்தால் பெயாரிங்கும் சீலும் மட்டும்தான் செலவு. பிந்தினால் தண்டும் போகும், இன்னும் பிந்தினால் தண்டு ஓடும் குழாயே தேய்ந்து, பாவித்த முழு அச்சுத் தேடி அலைய வேண்டிவரும். கழற்ற முன், கார் தரையில் நிற்கும்போதே, பின் சொக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையிலான நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். டோர்ஷன் பாரின் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக்கொடுக்கும் இரும்புத் தண்டின்) பல் பொருந்தியிருக்கும் இடத்தைச் சென்டர் பன்ச்சால் குத்தி அடையாளமிடுங்கள். இடப்பக்கப் பாரை வலப்பக்கம் போடக்கூடாது. பூட்டும்போது, சொக் இருக்கும் இடத்தில், அளந்த நீளத்துக்குத் துளையிட்ட ஓர் இரும்புப் பட்டையை மாட்டிக்கொண்டு பாரை ஏற்றினால் உயரம் பிசகாது. ஒரு பல் பிசகினாலும் கார் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். எல்லாம் கழன்றிருக்கும்போதே குழாயில் ஒரு கிறீஸ் நிப்பிள் வைத்துவிடுங்கள். அதைக் கம்பனியே வைத்திருந்தால் இந்த இரண்டு பந்தியும் எழுத வேண்டி வந்திராது.

307, 308 கார்களின் பின் அச்சு வேறு வகை, இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. அவற்றில் பின் டிஸ்க் பிரேக் இருந்தால் பிஸ்டனை ஜி கிளாம்பால் நசுக்கித் தள்ளாதீர்கள். அது சுழற்றிக்கொண்டே அமுக்கினால்தான் உள்ளே போகும்.

றேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வாவிக் கரையிலும் கடற்கரையிலும் தண்ணீரில் உப்பு அதிகம், இந்த எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். கூலன்ட் போத்தல் கையில் இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு அனுப்புங்கள், வீட்டுக்குப் போய்ச் சரியாகக் கலந்துகொள்கிறோம். காற்று எடுப்பதையும் மறந்துவிடாதீர்கள். 307இன் 1.6 எஞ்சினில் ஹீற்றர் ஹோசிலும் தேர்மோஸ்டாட் கூட்டிலும் சிறு காற்றுத் திருகுகள் உண்டு. அவற்றைத் திறந்து, குமிழி நின்று தண்ணீர் நூலாக வரும் வரை மெதுவாக ஊற்றி, மூடி, காற்றாடி ஒரு தரம் சுற்றி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பிறகு மட்டம் பாருங்கள். உள்ளே காற்று தங்கினால் சூடு காட்டும் மீற்றர் முள் ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு கட்டிய சம்பவங்கள் உண்டு. ஏசியைப் போட்டவுடன் காற்றாடி மெதுவான வேகத்தில் சுற்ற வேண்டும். சுற்றாமல், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் முழு வேகத்தில் அலறினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. காற்றாடியை மாற்றத் தேவையில்லை.

இனி மின்சாரம். 2001இல் வந்த 307இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் ஹோர்ன், வைப்பர், சிக்னல், கதவுப் பூட்டு எல்லாம் பிஎஸ்ஐ என்ற ஒரு பெட்டியின் வழியாகப் போகின்றன. சாவியை எடுத்த உடனேயே பற்றரியைக் கழற்றினால் அந்தப் பெட்டி விழித்திருக்கும்போதே மின்சாரம் அறுகிறது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கழற்றுங்கள். மாட்டிய பிறகும் சாவியைத் திருப்ப அவசரப்படாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். அடுத்த காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாறினால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது. வேறு காரிலிருந்து கழற்றிய பெட்டியை அப்படியே பூட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, சாவி அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விளக்குகள் டாஷ்போர்ட்டில் சேர்ந்து எரிந்தால், பெட்டியைச் சந்தேகிக்க முன் பற்றரிக்குக் கீழிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் ஏர்த் வயரைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடல் காற்று முதலில் தின்பது அதைத்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மல்டிமீற்றரை வைத்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

ஒட்டோ கியர்பொக்ஸைப் பொறுத்தவரை குற்றம் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் மேல்தான். 206, 307, முதல் 308 ஆகியவற்றில் வந்த ஏஎல்4 என்ற நான்கு கியர் பெட்டி அது. டாஷ்போர்ட்டில் 'ஸ்போர்ட்' விளக்கும் 'ஸ்னோ' விளக்கும் சேர்ந்து மினுங்கும், கார் மூன்றாம் கியரிலேயே நிற்கும், றிவர்ஸ் போட்டால் ஓர் இடி இடிக்கும். பெட்டி போய்விட்டது என்று முழுசாக மாற்றச் சொல்ல வேண்டாம். அநேகமாகப் போயிருப்பது, ஒயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு சொலனொயிட் வால்வுகளில் ஒன்று. பெட்டியைக் காரிலிருந்து இறக்காமலே, ஒயில் வடித்து, பக்க மூடியைத் திறந்து, இரண்டு சொலனொயிட்டையும் சேர்த்து மாற்றலாம்.

ஒயில் விஷயத்தில்தான் அதிகம் பிழைக்கிறது. ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று கம்பனி சொன்னது எங்கள் வெயிலுக்குச் சரிவராது. 60,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றுவது நல்லது. டெக்ஸ்ரோன் வகை ஒயில் வேண்டாம், எல்டி 71141 தரம் என்று தகரத்தில் எழுதியிருக்க வேண்டும். வடித்தால் சுமார் 3 லீற்றர் வரும், மீதி கொன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். டிப் ஸ்டிக் கிடையாது. கீழே பெரிய போல்ட்டுக்குள் ஒரு சின்ன போல்ட் இருக்கும்: பெரியது வடிக்க, சின்னது மட்டம் பார்க்க. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லாக் கியரும் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு, ஒயில் 60 பாகைக்கு வந்ததும் சின்ன போல்ட்டைத் திறங்கள். நூலாக ஒழுகிப் பிறகு சொட்டாக மாறினால் மட்டம் சரி. திறந்தவுடனேயே சொட்டுத்தான் என்றால் எஞ்சினை நிறுத்தி, மேலே அரை லீற்றர் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள். கடைசியாக, கம்பியூட்டரில் இருக்கும் ஒயில் கணக்கை, பேஜோ, சிட்ரோன் கார்களைச் சோதிக்கும் டயக்பொக்ஸ் மென்பொருளால் திருத்த வேண்டும். சாதாரண ஓபிடி ஸ்கேனரால் இது முடியாது.

எஞ்சின் பற்றி இரண்டே எச்சரிக்கை. 207, 308, 3008 கார்களில் வரும் ஈபி6 எஞ்சினில் கிராங்க் புலியின் நடுப் போல்ட்டைத் தொடாதீர்கள். சுற்றியிருக்கும் மூன்று சிறு போல்ட்டைக் கழற்றினாலே புலி கையோடு வரும். நடுப் போல்ட்டைத் தளர்த்தினால், உள்ளே கிராங்க் பல்சில்லைப் பிடிக்க ஆப்பு (கீ) கிடையாது. டைமிங்கை அசையாமல் பிடிக்கும் பூட்டுக் கம்பிகள் போடாவிட்டால் டைமிங் நழுவும், வால்வு வளையும். இந்த எஞ்சின் ஒயில் குடிக்கும். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள், ஒயில் குறைந்தால் செயின் டென்ஷனர் தளர்ந்துவிடும்.

1.2 பியூர்டெக் எஞ்சினில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஒயில் தரம் பிழைத்தால் பெல்ட் உரிந்து, துகள்கள் பம்பின் வடியை அடைக்கும். ஒயில் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்தாலே பெல்ட் தெரியும். வெடிப்போ வீக்கமோ இருந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள். எஞ்சின் ஃப்ளஷ் மருந்தை இதற்கு ஊற்றவே வேண்டாம்.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. 17 இலக்க சாசி இலக்கத்தோடு, சாரதிக் கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கும் ஓபிஆர் இலக்கத்தையும் (சரியான பார்ட்ஸைத் தெரிய உதவும் கம்பனி இலக்கம்) இனிக் கொண்டு வந்து தருவோம். ஒரே வருடத்து இரண்டு 307க்கு இரண்டு விதமான பார்ட்ஸ் வருவது இதனால்தான். அது இல்லாமல் கொழும்புப் பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் பிழையான சாமானே பஸ்ஸில் வரும். சரியான ஒயிலை நாங்களே வாங்கி வருவோம். பழுதைக் கண்டுபிடிக்கச் செலவான நேரத்துக்கும், சாமான் மாற்றாவிட்டாலும், கூலி தருவோம். நீங்கள் பில்லில் மீற்றர் கணக்கையும் ஊற்றிய ஒயிலின் தரத்தையும் எழுதித் தாருங்கள், கழற்றிய சாமானைப் பையில் போட்டுத் தாருங்கள். வாங்க முன் காட்ட வருகிறவர்களிடம், சாவியோடு வரும் கோட் அட்டை இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இரண்டாவது சாவி செய்வது பெரும்பாடு.

ஒரு யோசனையும் வைக்கிறோம். டயக்பொக்ஸ் போட்ட ஒரு லப்டொப், டைமிங் பூட்டுக் கம்பிகள் ஒரு செட், டோர்க்ஸ் சொக்கட்டுகள் ஒரு செட். ஒரு கராஜ் தனியே வாங்கினால் கட்டுப்படியாகாது. நாங்கள் காசு சேர்த்து வாங்கித் தருகிறோம். மட்டக்களப்பில் ஒரு கராஜிலும் கல்முனையில் ஒரு கராஜிலும் மாறி மாறி இருக்கட்டும், கேட்கிற பாஸுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மாரி தொடங்க முன், ஒக்டோபருக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை 206 ஒன்றின் பின் அச்சை எல்லாரும் பார்க்கக் கழற்றிப் பூட்டுவோம். காரும் பெயாரிங்கும் பகல் சாப்பாடும் எங்களுடையது, குழியும் ஜக்கும் உங்களுடையது. எந்தக் கராஜில் வைக்கலாம் என்று நீங்களே பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரெஞ்சுக் கார்காரர்