யாழினி கேட்டது

அன்புள்ள விஜி,

ஆறு மாதமாகப் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மஞ்சள் குடை என்னிடம்தான் இருக்கிறது, தர மாட்டேன்.

விஷயம் யாழினியைப் பற்றி. அவள் திருநங்கை என்று சொன்னபோது அக்கா சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததும், நீ மதுரைக்கு வந்து இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து பேசியதும் மறந்திருக்காது. அதெல்லாம் தாண்டி வந்துவிட்டோம் என்றிருந்தேன். போன ஞாயிறு வந்தவள், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "சித்தி, நான் ஒருத்திய விரும்புறேன்" என்றாள். ஒருத்தியை! யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: "பொண்ணத்தான் பிடிக்கும்னா ஆம்பளையாவே இருந்திருக்கலாமே?"

அவள் கை நின்றுவிட்டது. "சித்தப்பாவைக் கட்டிக்கிறதுக்காகவா நீங்க பொம்பளையா இருக்கீங்க?" என்றாள்.

ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. அவரை முதலில் பார்த்தபோது எனக்கு 24 வயது. அதற்கு முன்பும் நான் பெண்தானே விஜி! நான் யார் என்பது ஒன்று, மனசு யாரிடம் போகிறது என்பது இன்னொன்று. பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு என்று அவள் வயதுப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்த மூத்த திருநங்கைகள் சிலரே முகம் சுளித்தார்களாம். கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுது வந்தவர்கள் அவர்கள். திருநங்கை என்றால் ஆணை நேசிப்பவள் என்றே வாழ்ந்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சட்டத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம்ம மதுரைக் கிளைதான், இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவாள் என்று சொல்லி, ஓர் ஆணோடு நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. தன்பாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இவள் ஒருவனை விரும்பியிருந்தால் வழி இருந்திருக்கும். பெண் என்று சான்றிதழ் வாங்க எத்தனை நாள் நடையாய் நடந்தாள்! இப்போது அதே காகிதம் குறுக்கே நிற்கிறது. "பழைய பேர்ல பதிஞ்சுக்கயேன்" என்கிறாள் அக்கா. அந்தப் பெயரை இனி ஒரு தடவைகூட எழுத மாட்டேன் என்கிறாள் இவள்.

வரும் ஞாயிறு அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அக்கா வரமாட்டேன் என்று நிற்கிறாள். உன் பேச்சைத்தான் கேட்பாள். சனிக்கிழமையே பஸ் ஏறிவிடு. அந்தப் பெண் கத்தரிக்காய் தொடமாட்டாளாம். என்ன குழம்பு வைக்கட்டும்?

உன்,
கமலா