மாங்கார்த் மலையடி ஊரின் வரலாறு: செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், கூடியிருக்கும் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்லோவேனியாவில், இத்தாலி எல்லைக்கு அருகே மாங்கார்த் மலையடியில் இருக்கும் நம் லோக் போட் மாங்கார்த்தோம் ஊரின் பழங்கதைகளையும் பொருட்களையும் காத்துவைப்பதற்காக நாம் நடத்திவரும் சிறு சங்கத்தின் 2025ஆம் ஆண்டு வேலைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வழக்கமாக இந்த அறிக்கை இரண்டு பக்கத்தில் முடியும். இந்த முறை நீள்வதற்குக் காரணம் உண்டு. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும் "இந்த ஊரில் என்னதான் நடந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலைகளைச் சொல்லும்போதே அந்தந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் சேர்த்து எழுதச் சொல்லிச் செயற்குழு கேட்டுக்கொண்டது. அப்படியே எழுதியிருக்கிறேன்.

முதலில், இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி. அவர்களில் ஒருவர் ராபெல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவருடைய குரலைப் பதிவு செய்ய நாள் குறித்திருந்தோம். அந்த நாளுக்கு முன்பே அவர் போய்விட்டார். இந்த ஆண்டில் என்னை மிகவும் வருத்திய செய்தி இதுதான்.

அதனால் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியர் காவே தெல் பிரெதில் என்றும் நாம் ராபெல் என்றும் சொல்லும் ஊரில் ஈயமும் துத்தநாகமும் வெட்டினார்கள். ஆழம் கூடக்கூட சுரங்கத்துக்குள் நீர் பெருகியது. அந்த நீரை வடிக்க ஒரே வழி, மலையைக் குடைந்து தாழ்வாக இருக்கும் நம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவருவது. 1903இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் சுமார் 4.8 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்து, நம் ஊர் ஓரமாக கோரித்னிட்சா ஆற்றில் நீரை விட்டார்கள். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெப் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. நமக்கு அது 'ஷ்டோல்ன்', அவ்வளவுதான்.

நீர் வடிக்க வெட்டிய அந்த வழிதான் பிறகு ஊருக்குச் சோறு போட்டது. 1947இல் புதிய எல்லை வந்தபோது சுரங்கம் இத்தாலியில், நாம் யூகோஸ்லாவியாவில். ஆனாலும் நம் ஆண்கள் வேலையை விடவில்லை. காலையில் நம் பக்க வாயிலில் சிறு ரயிலேறி, மலைக்கு அடியிலேயே நாட்டெல்லையைக் கடந்து, வேலை முடிந்து அதே வழியில் திரும்பினார்கள். மேலே பிரேதெல் கணவாயில் பனி மூடிக் கிடந்த நாளிலும் கீழே வேலைக்குப் போய்வந்தார்கள். ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே தினமும் இப்படிப் போய்வந்த ஊர்கள் எத்தனை இருந்திருக்கும்? 1991இல் ராபெல் சுரங்கம் மூடப்பட்டது. ரயில் நின்றது. நீர் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு ஒன்பது பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தோம். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவியரும் மகள்களும் பேசினார்கள். எனக்குப் பெண்கள் சொன்னவைதான் அதிகம் மனத்தில் நின்றன. ரயில் வரும் நேரத்துக்கு அடுப்பில் ஏற்றுவது, ஈரமும் தூசியும் ஏறிய துணியைத் துவைப்பது, இரவில் கணவர் இருமும் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பது. சுரங்கத் தூசி எத்தனை பேருடைய நுரையீரலைத் தின்றது என்பதை எந்தக் காட்சிப் பலகையிலும் எழுதியதில்லை. அதை எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பதிவு அழிந்துபோனதையும் இங்கே சொல்ல வேண்டும். நகல் எடுக்காமல் கைபேசியிலேயே வைத்திருந்தது என் தவறு. பேசிய அம்மா பெரிய மனத்தோடு மறுபடியும் உட்கார்ந்து சொன்னார். இனி ஒவ்வொரு பதிவையும் அன்றே இரண்டு இடங்களில் சேமிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம், போர்வீரர் கல்லறைத் தோட்டம். மே மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் புல் வெட்டி, பாசி துடைத்தோம். பள்ளிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு பையன் கல்லறைகளில் இருந்த பெயர்களை வாசித்துவிட்டு, "இவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லையே?" என்று கேட்டான். இல்லைதான். 1915 மே மாதம் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதிலிருந்து 1917 அக்டோபர் வரை, அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியில் இருந்த நம் ஊர் போர்முனையின் பின்கட்டு. மேலே 2208 மீட்டர் உயர ரோம்போன் மலையில் சண்டை. பிரேதெல் சாலை இத்தாலியப் பீரங்கிகளின் குண்டு விழும் தூரத்தில் இருந்ததால், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை ஷ்டோல்ன் வழியாகவே ஆளும் சாமானும் கொண்டுவந்தது. 1917 அக்டோபர் 24 அன்று தொடங்கிய பெருந்தாக்குதலுக்கான ஆயத்தத்திலும் அந்த வழிக்குப் பங்குண்டு. ரோம்போனில் விழுந்தவர்களைக் கீழே கொண்டுவந்து நம் மண்ணில் புதைத்தார்கள்.

அவர்களில் பலர் போஸ்னியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்கள் தொழுவதற்காக 1916 வாக்கில் நம் ஊரில் மினாரோடு ஒரு சிறிய மசூதியைக் கட்டினார்கள். போருக்குப் பின் அது இல்லாமல் போனது. அதன் பிறகு லுப்லியானாவில் 2020இல் மசூதி திறக்கும்வரை ஸ்லோவேனிய மண்ணில் வேறு மசூதி இருந்ததில்லை. தோட்டத்து நடுவே பிராகா நகரத்துச் சிற்பி லதிஸ்லாவ் கோஃப்ரானெக் செய்த நினைவுச்சின்னத்தில் இரண்டு வீரர்கள் ரோம்போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒருவர் தலையில் ஃபெஸ் தொப்பி. அந்தப் பையனை அதன் முன்னே கூட்டிப்போய், அவர் பார்க்கும் திசையில் மலையைக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவன் தன் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு வந்தான்.

மசூதி நின்ற இடத்தில் ஒரு விளக்கப் பலகை வைக்கலாமா என்று உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் ஆதரிக்கிறேன். அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினோம், பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பிரேதெல் கணவாய்க்கு ஜூன் மாதம் நடைபயணம் போனோம். 1156 மீட்டர் உயரம்தான், ஆனால் இந்தக் கணவாயால்தான் நம் ஊருக்கு எல்லாமே வந்தது. சாலையோரத்தில் 1809ஆம் ஆண்டு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் படை வந்தபோது, கேப்டன் ஹெர்மானும் அவருடைய ஆட்களும் அங்கே இருந்த சிறு கோட்டையை விட்டுக்கொடுக்காமல் மடிந்தார்கள். வழியில் ஸ்த்ர்மெட்ஸ் ஊரில் நின்று பூ வைத்தோம். 1943 அக்டோபரில் ஜெர்மானியர் அந்த ஊர் ஆண்களைச் சுட்டுக் கொன்று வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு அங்கே உறவு உண்டு. அந்த இடத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

வீட்டுப் பெயர்கள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு நாம் தொடங்கிய பெரிய வேலை அது. நம் ஊரில் ஒருவருடைய குடும்பப்பெயர் ஒன்று, அவர் பிறந்த வீட்டின் பெயர் வேறொன்று. வீடு கைமாறினாலும், மருமகன் வந்து குடியேறினாலும், வீட்டுப் பெயர் மாறுவதில்லை. வந்தவரைத்தான் அந்தப் பெயரால் கூப்பிடுகிறோம். இதை ஏன் இப்போது எழுதிவைக்க வேண்டும்? 1913இல் நம் ஊரில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியில். 1920இல் ராப்பாலோ ஒப்பந்தத்தால் ஊர் இத்தாலிக்குப் போனது. ஊரின் பெயரே 'பிரெத்தோ' ஆனது. பள்ளியில் ஸ்லோவேனிய மொழி நின்றது, குடும்பப்பெயர்களை இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். 1943இல் ஜெர்மானியர் வந்தார்கள். 1945இல் ஆங்கிலேய-அமெரிக்கப் படை நிர்வாகம். 1947 செப்டம்பரில் யூகோஸ்லாவியா. 1991இல் ஸ்லோவேனியா. அந்தப் பெண் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. ஆவணத்தில் அவருடைய நாடும் பெயரின் எழுத்தும் மாறிக்கொண்டே இருந்தன. மாறாமல் இருந்தது வீட்டுப் பெயர் ஒன்றுதான்.

ஆகவே தேவாலயப் பதிவேட்டையும் பழைய நிலப்பதிவையும் பெரியவர்களின் நினைவையும் ஒப்பிட்டு, ஊரின் கீழ்ப்பகுதியான கீழ் லோக்கில் இருக்கும் வீடுகளின் பெயர்களை ஏறக்குறைய முடித்துவிட்டோம். மேல்பகுதியான மேல் லோக்கில் வேலை கடினம். அங்கே சில பெயர்களுக்கு வீடே இல்லை.

சரி, அந்த இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு இலையுதிர்காலம் முழுவதும் மழை விட்டபாடில்லை. நவம்பர் 15 அன்று மாங்கார்த்துக்குக் கீழே ஸ்டோஜே சரிவில் மண் முதல்முறை இறங்கியது. ஊராரை வெளியேற்றினார்கள். நீர் வடிந்தது, ஆறு அடங்கியது போலிருந்தது, திரும்பி வந்தார்கள். 17ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் நீரில் ஊறியிருந்த மண் குழம்பாக மாறி, பத்து லட்சம் கன மீட்டர் அளவில், மாங்கார்த் ஓடை வழியாகப் பிரேதெலிட்சா ஆற்றில் பாய்ந்து, சில நிமிடங்களில் மேல் லோக்கை வந்து அடித்தது. நம்மில் ஏழு பேர் போனார்கள். வீடுகளும் தொழுவங்களும் பாலங்களும் போயின.

இந்த நவம்பரில் 25 ஆண்டுகள் நிறைந்தன. கூட்டமோ பேச்சோ வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் பூசை முடிந்து, ஆற்றங்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிறகு வந்தவர்கள் ஒரு வீட்டில் கூடிச் சூப் குடித்தோம். அப்போது நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. மேசையில் விரித்திருந்த மேல் லோக்கின் பழைய வரைபடத்தைச் சுற்றி நின்று, ஒவ்வொருவராக விரலை வைத்து, "இங்கே இன்ன வீடு, பக்கத்தில் செர்ரி மரம், அங்கே அண்டை வீட்டாரின் தொழுவம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். நான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் அலைந்தும் கிடைக்காத பெயர்கள் அந்த ஒரே மாலையில் கிடைத்தன.

நம் வரலாற்றைத் தேடி வருகிற வெளியார் போர்க் கல்லறையைப் பார்க்கிறார்கள், கோட்டையைப் பார்க்கிறார்கள், 1938இல் இத்தாலியப் படை வெட்டிய மாங்கார்த் சாலையில் காரோட்டிப் போகிறார்கள். மூன்றும் இந்த வழியே கடந்துபோனவர்கள் விட்டுச்சென்றவை. இங்கேயே இருந்தவர்கள் விட்டுச்சென்றது குறைவு. ஆட்டுப்பட்டியும், பாலாடைக்கட்டி காய்ச்சும் செப்புக் கொப்பரையும், வீட்டுப் பெயரும்தான். அதனால்தான் நம் சங்கத்தின் நேரத்தையும் பணத்தையும் இந்தப் பெயர்கள் மேல் செலவிடக் கேட்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. 1976, 1998, 2004 நிலநடுக்கங்களின் புகைப்படங்களை வரிசைப்படுத்தும் வேலை பாதியில் நிற்கிறது, பொறுப்பேற்க ஆள் தேவை. மலை மேய்ச்சல் நிலத்தில் நடத்திய பாலாடைக்கட்டிப் பயிற்சிக்கு இளையவர்கள் நல்ல ஆதரவு தந்தார்கள். நம் பகுதியின் போவெத்ஸ் இனச் செம்மறியின் பாலில் செய்ததை அன்றே சுவைத்தும் பார்த்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று மாலையே அவரிடம் கொடுத்துவிடலாம்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன்: மேல் லோக்கில் இன்று இருக்கும் வீடுகளுக்கும், இல்லாமல் போன வீடுகளுக்கும் ஒரே மாதிரியான மரப் பெயர்ப்பலகை வைப்பது. இல்லாத வீடுகளுக்கு அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் வாங்கிய பிறகே வைப்போம். பலகைக்கான மரத்தைத் தச்சர் ஒருவர் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பனி உருகியதும் வீடு வீடாக வருகிறோம். பழைய புகைப்படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். பின்புறம் பெயர் எழுதாத படமானாலும் பரவாயில்லை, மேசையில் வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.

செயலாளர்