சிலுவையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்: இங்கிலாந்தில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். செப்டம்பரில் நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவுக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். லண்டன் தெரு முழுக்க ஆட்கள், இங்கிலாந்துக் கொடிகள், நடுவில் ஒருவர் ஆளுயர மரச்சிலுவையைத் தோளில் சுமந்து போகிறார். கீழே நீ "ஆமென்" என்று எழுதியிருந்தாய். உன் பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "குருத்தோலை ஞாயிறு இப்ப எங்கடா வந்துச்சு?" என்று கேட்டார்கள்.

அது 2025 செப்டம்பர் 13, இஸ்லாமையும் குடியேற்றத்தையும் எதிர்க்கிற தீவிர வலதுசாரி டாமி ராபின்சன் கூட்டிய பேரணி. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் என்று போலீஸ் கணக்கு. 26 போலீஸ்காரர்களுக்குக் காயம். மேடையில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு குடியேறிகளைப் பற்றியும் முஸ்லிம்களைப் பற்றியும்.

நீயும் வெளியே இருந்து போனவன்தானே, உன்னையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுதி அழித்துவிட்டேன். அது உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்னால், உன் தோல் வெள்ளையாக இருந்திருந்தால் அந்தப் பேரணிக்குத் தாராளமாகப் போயிருக்கலாம் என்று அர்த்தமாகிவிடும்.

போனில் நீ சொன்னது மறக்கவில்லை. "அண்ணா, இங்க சர்ச்செல்லாம் காலி. ஒரு சர்ச்ச தண்ணியடிக்கிற பாராவே ஆக்கிட்டாங்க. இவங்களாவது இயேசு பேரைச் சொல்றாங்களே." அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சர்ச்சுகளைக் காலி பண்ணியது எந்த முஸ்லிமும் இல்லை. அவரவர் தாமாகத்தான் வராமல் போனார்கள். உன் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நீயே சொன்னாய், ஒரு நைஜீரியா அம்மா, இரண்டு கேரளத்து நர்ஸ்கள், அப்புறம் நீ. எல்லாரும் குடியேறிகள்.

"இயேசு பேரைச் சொல்றாங்களே" என்பதைத்தான் 1933இல் ஜெர்மனியிலும் சொன்னார்கள். ஹிட்லர் அன்றைக்குக் கையில் பூட்டோடு சர்ச்சுக்கு வரவில்லை. நாத்திகக் கம்யூனிஸ்ட்டுகளிடமிருந்து கிறிஸ்தவத்தைக் காப்பாற்றுகிறவன் என்று சொல்லிக்கொண்டு வந்தான். சபைக்குள்ளேயே 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்று அவனுக்கு ஓர் அணி. ஜூலையில் சபைத் தேர்தல். முந்தின நாள் ராத்திரி ரேடியோவில் அவனே அந்த அணிக்காகப் பேசினான். (டயோசிஸ் எலெக்ஷன் பார்த்து வளர்ந்த உனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.) பெரும்பான்மை அவர்களுக்கு. செப்டம்பரில், ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சபைமன்றம் கூடித் தீர்மானம் போட்டது: யூத வம்சத்தில் வந்தவர் போதகராக இருக்கக் கூடாது, யூத வம்சத்துப் பெண்ணைக் கட்டியவரும் கூடாது. ஞானஸ்நானம் எடுத்திருந்தாலும் ரத்தம்தான் கணக்கு. திருநெல்வேலியில் ஊழியம் செய்த நம் மிஷனரி ரேனியஸ் ஐயர் பிறந்தாரே, அதே பிரஷ்யாதான். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் வம்சம் பார்ப்பதில் நாமே அவர்களுக்கு வகுப்பு எடுக்கலாம், சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் வைத்தவர்கள். அதற்குத் தனிக் கடிதம் வேண்டும்.

நவம்பரில் பெர்லினில் ஒரு விளையாட்டரங்கத்தில் 20,000 பேர் முன்னால், அந்த அணித் தலைவர் ஒருவர் யூதர்களின் வேதமான பழைய ஏற்பாட்டையே தூக்கிப் போடச் சொன்னார். அப்போதுதான் பலருக்கு முழிப்பு வந்தது. வேதப் புத்தகத்தில் கைவைத்த பிறகு!

அந்த அணியை எதிர்த்த சபையார் 1934 மே கடைசியில் பார்மென் என்ற ஊரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கிறிஸ்துவைத் தவிர இன்னொரு தலைவனின் வார்த்தையைக் கடவுள் வார்த்தையாகச் சபை ஏற்காது என்று ஆறு கூற்றுகள். செமினரிகளில் இன்றைக்கும் பாடம். தைரியமான அறிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறிலும் தேடிப் பார், யூதர் என்ற சொல்லே கிடையாது. அதை எழுதியவர்களில் முக்கியமானவரான இறையியலாளர் கார்ல் பார்த் பல வருஷம் கழித்து அதைத் தன் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். சபையைக் காப்பாற்ற எழுந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரனுக்காக எழவில்லை. அவர்களைவிட நான் ஒன்றும் மேல் இல்லை. 1999இல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஜீப்போடு எரித்தபோது நாம் மெழுகுவர்த்தி பிடித்துப் போனோம், நீ அரை டவுசரில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். 1992இல் பாபர் மசூதியை இடித்த அன்றைக்கு நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜெபம்கூடப் பண்ணவில்லை.

இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். யூலியுஸ் ஃபான் யான். ஓபர்லென்னிங்கன் என்று தெற்கு ஜெர்மனியில் ஒரு கிராமம், அதன் போதகர். 1938 நவம்பர் 9 ராத்திரி நாடு முழுக்க யூத ஜெபாலயங்களைக் கொளுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 16ஆம் தேதி, மனந்திரும்புதல் நாள் ஆராதனை. அவர் எடுத்த வசனம் எரேமியா 22:29: "தேசமே! தேசமே! தேசமே! கர்த்தருடைய வார்த்தையைக் கேள்." மற்றவர்களுக்குப் பரிசுத்தமாக இருந்த ஆலயங்களை எரித்துவிட்டார்கள், கேட்பாரில்லை என்று பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னார். எல்லாரும் தேசம் தேசம் என்று தொண்டை கிழியக் கத்திய காலம். இவரும் மூன்று தடவை தேசமே என்றார், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்து ஒரு கும்பல் வந்து அவரை அடித்து நொறுக்கியது. வீட்டில் "யூதரின் வேலைக்காரன்" என்று தட்டி வைத்தார்கள். அப்புறம் கோர்ட், 16 மாதம் சிறைத் தண்டனை. அந்தக் கிராமத்துச் சபையை யாரும் தொடவில்லை, அவர் வேதப் புத்தகத்தையும் யாரும் பிடுங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பென்ஷன் வரைக்கும் நிம்மதியாக ஊழியம் பார்த்திருக்கலாம்.

உன் ஊரில் இப்போது கிறிஸ்துமஸ். டிசம்பர் 13 அன்று அந்த ராபின்சன் ஆட்களே லண்டனில் கரோல் ஆராதனை வைத்தார்கள், கிறிஸ்துமஸுக்குள் கிறிஸ்துவைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று. இங்கிலாந்துச் சபை அதற்குப் பதிலாக, வெளியாட்களுக்கு வரவேற்பு என்று பஸ் ஸ்டாப்புகளில் போஸ்டர் போட்டது. எனக்கு அது கொஞ்சம் சாதுவாகத்தான் படுகிறது. ஆனாலும் போட்டார்களே, சரி.

அந்தப் பேரணியில் போனவர்களையும் விரோதியாகப் பார்க்காதே. மில்லும் சுரங்கமும் மூடிப்போன ஊர்க்காரர்கள் அதில் எத்தனையோ பேர் இருப்பார்கள். உன் சர்ச்சுக்கு ஒருவர் அப்படி வந்தால் டீ ஊற்றிக் கொடு, பக்கத்தில் உட்கார். ஆனால் அவர் பக்கத்துப் பெஞ்சு நைஜீரியா அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னால் சிரித்து மழுப்பாதே.

அகதிகளைத் தங்கவைத்திருக்கும் ஓட்டலுக்குப் புதன்கிழமைதோறும் சாப்பாடு கொண்டுபோக உங்கள் சர்ச் போதகர் ஆள் கேட்டதாகவும், "அவங்க முஸ்லிம்தானே" என்று நீ தயங்கியதாகவும் சொன்னாயே. இந்தப் புதன்கிழமை போ. என்ன சமைத்தீர்கள், யார் என்ன பேசினார்கள் என்று எழுது.

பெரியம்மா இன்னும் அதைக் குருத்தோலை பவனி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியாகிவிட்டது, தம்பி ஊரில் எவ்வளவு பெரிய பவனி என்று. நான் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு போன் பண்ணும்போது அது என்ன ஊர்வலம் என்று நீயே சொல்.

அன்புடன்,
அண்ணன்