சொட்டினால் கீழே, கரகரத்தால் மேலே: கேனிஸ்டர் ஃபில்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேனிஸ்டர் ஃபில்டர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மீன் தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியே கீழே இழுத்து, மூடிய டப்பாவுக்குள் வடிகட்டி, மோட்டாரால் மறுபடி தொட்டிக்கே அனுப்புகிற உங்கள் ஃபில்டர்களின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில் வரும் ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன். சத்தம் வந்தாலோ, காற்றுக் குமிழி வந்தாலோ, மூடியின் ஓ-ரிங்கை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள் என்கிற வரி. நான் இதுவரை வாங்கிய மூன்று ஃபில்டர்களின் கையேட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது. காற்று எங்கிருந்து வரும் என்று ஒன்றிலும் இல்லை.

அந்த வரியை நம்பி ஒரே மாதத்தில் இரண்டு ஓ-ரிங் மாற்றினேன். பள்ளத்தைத் துணியால் துடைத்து, சிலிகோன் கிரீஸ் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் விரலால் நீவி உட்கார வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் துளைக் குழாயான ஸ்ப்ரே பாரிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை புஸ்ஸென்று குமிழிகள் வந்தபடியே இருந்தன.

ஒரு நாள் இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியிலிருந்து டப்பாவுக்குத் தண்ணீர் போகும் இன்லெட் குழாய் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டி வளையும் எல்போவுக்குக் கீழே, கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மேலே ஏற வேண்டிய குமிழியைத் தண்ணீரின் வேகம் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு டம்ளர் தண்ணீரை அந்த எல்போ மேல் மெல்ல ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருந்த வரை குமிழி இல்லை. டம்ளர் காலியானதும் மறுபடி ஆரம்பித்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல். அத்தனை நாளும் அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வந்ததில்லை.

வராதுதான். தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் இன்லெட் குழாயில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், தண்ணீர் வெளியே வராது. கீழே அலமாரியில் நிற்கும் டப்பாவின் கதை நேர்மாறு. நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் 0.1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அங்கே மூடி சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் சொட்டும். இந்த வித்தியாசத்தை ஒரு படம் போட்டுக் காட்டினால் போதும். சொட்டினால் கீழே பார், சொட்டாமல் கரகரத்தால் மேலே பார் என்று யாருக்கும் புரிந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கையும் கூடவே சொல்லிவிடுங்கள். இன்லெட் சல்லடையில் இலையோ பாசியோ அடைத்துக்கொண்டால், அல்லது இன்லெட் வால்வைப் பாதி மூடி வைத்தால், மோட்டார் இழுக்கிற இழுப்பில் டப்பா பக்கமும் அழுத்தம் இறங்கும். அப்போது அதுவரை ஒழுங்காக இருந்த மூட்டுகூடக் காற்றை இழுக்கலாம். நீரோட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் பக்கமுள்ள அவுட்லெட் வால்வைத்தான் கொஞ்சம் மூட வேண்டும், இன்லெட் வால்வை ஒருபோதும் தொடக்கூடாது. இதை வால்வின் மேலேயே அச்சடியுங்கள். ஃபில்டர் வைத்திருக்கும் நண்பர்களிடம் கேட்டால், பாதிப் பேர் தப்பான வால்வைத்தான் திருகுகிறார்கள்.

காற்று வந்தாலே கசிவு என்றும் ஆகிவிடாது. தொட்டியில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இன்லெட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். நீர்மட்டம் இறங்கி, சல்லடைக்கு மேலே சுழல் விழலாம். சுத்தம் செய்த பிறகு டப்பாவுக்குள் வடிகட்டும் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் தங்கிய காற்று வெளியேற ஓரிரு நாள்கூட ஆகும். டப்பாவை மெல்லச் சாய்த்து ஆட்டினால் சீக்கிரம் போய்விடும். இன்லெட் ஹோஸில் குமிழி இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இறங்கினால் கோளாறு மேலே. இன்லெட் தெளிவாக இருந்து அவுட்லெட்டில் மட்டும் குமிழி என்றால், அது பெரும்பாலும் டப்பாவுக்குள் தங்கிய காற்று. ஆனால் நீங்கள் தரும் ஹோஸ் கரும்பச்சையிலோ சாம்பல் நிறத்திலோ இருக்கிறது, இருட்டில் டார்ச் அடித்தாலொழிய உள்ளே ஒன்றும் தெரிவதில்லை. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதற்காக நிறம் போடுகிறீர்கள், சரி. எல்போவுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்காவது தெளிவான துண்டு கொடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் மீன்கள். காற்று மோட்டார் தலைக்குக் கீழே சேரச் சேர, தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறியான இம்பெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றைச் சுழற்றுகிறது. ஓட்டம் நின்றால் டப்பாவுக்குள் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவை அகற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவை செத்தால் தொட்டியில் அம்மோனியா ஏறும். இரவில் நின்றுபோன ஃபில்டரைக் காலையில்தான் பார்க்கிறோம். அப்புறம், காரணம் தெரியாமல் மூடியைத் திறந்து திறந்து மூடினால், ஒரு மணல்துகள் பள்ளத்தில் விழுந்து, இல்லாத கசிவு ஒன்று புதிதாகச் சேர்ந்துகொள்கிறது. சிலர் கைக்குக் கிடைத்த பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுகிறார்கள். அது பல வகை ரப்பரை ஊத வைத்து இளக்கிவிடும். எந்த கிரீஸ் போடலாம் என்று கையேட்டில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பழைய ஹோஸ் முனை இறுகிப்போனால் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, வெந்நீரில் முக்கி மறுபடி செருகினால் பிடித்துக்கொள்ளும். இதுவும் எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியாக ஒன்று. விரிசல் விட்ட அந்த எல்போ மட்டும் தனியாக எங்கும் கிடைக்கவில்லை. கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகக் குழாய்த் தொகுப்பு முழுவதையும் வாங்கினேன். எல்போவையும் அதன் வாஷரையும் தனி உதிரிபாகமாக விற்பனைக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஃபில்டரை நம்பி மீன் வளர்க்கும் ஒருவன்