இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால் இரத்தக்குழாய் அடைப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் கவனிக்க வேண்டியவற்றை அது தெளிவாகச் சொல்லியிருந்தது. இவ்விரண்டும் இல்லாத இளம்பெண்களுக்கும் இதே அடைப்பு வரக்கூடும் என்பதை என் தங்கையின் நோயால் அறிந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு அப்போது 27 வயது. பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சற்று நின்றால் விட்டுவிடும். கொடியில் துணி காயப்போடும்போது இடக்கை சோர்ந்து, ஈரத்துணியோடு தானாகக் கீழே இறங்கிவிடும். காட்டிய இடங்களிலெல்லாம் இடக்கையில் மட்டுமே அழுத்தம் பார்த்து, 'லோ பிரஷர்' என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். ஒன்றரை ஆண்டு இப்படியே கழிந்தது. கடைசியில் ஒரு மருத்துவர், இடது மணிக்கட்டில் நாடி தட்டுப்படாததைக் கண்டு வலக்கையிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். இடக்கையில் 98, வலக்கையில் 142.

1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகாயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட மாற்றங்களை விவரித்ததால், அவர் பெயராலேயே தகாயாசு தமனி அழற்சி என்று வழங்கப்படும் நோய் இது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெரிய குழாயான மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுவர் தடித்துக் குறுகிவிடுகின்றன. அரிய நோய்தான், எனினும் ஆசிய நாடுகளில் கூடுதலாகவும், பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களிடமும் காணப்படுவது.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் கால் தமனியில் குறுக்கம் உண்டு என்பது பொதுவான கணக்கு. தங்கையின் கணுக்காலில் 100 இருந்தது. அதை வலக்கையின் 142ஆல் வகுத்தால் 0.70. இடக்கையின் 98ஆல் வகுத்தால் 1.02, கால் நன்றாக இருப்பதாகவே அந்த எண் சொல்லும். கையின் தமனியும் குறுகியிருந்ததால் காலின் அடைப்பு கணக்கிலிருந்தே மறைந்துபோனது. இரு கைகளிலும் குறுக்கம் இருந்துவிட்டால் இந்த ஒப்பீடும் கைகொடுக்காது. அப்போது நாடிகளைத் தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேனுமே துணை.

காலம் தாழ்வதில் இன்னொரு கேடும் இருக்கிறது. இந்நோயில் ஸ்டீராய்டு முதலான மருந்துகளால் அழற்சியைத் தணித்த பிறகே பெரும்பாலும் பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்கிறார்கள். நோய் தெரியாமல், அழற்சி தணியாத நிலையில் அடைப்பை மட்டும் நீக்கினால் அது மீண்டும் குறுகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே, நடந்தால் கால் வலிக்கிறது என்று வரும் இளம் வயதினருக்கு முதல் நாளிலேயே இரு கைகளிலும் அழுத்தம் பார்ப்பதையும், 10க்கு மேல் வேறுபாடு தெரிந்தால் மறுபடி அளந்து காரணம் தேடுவதையும் மருத்துவமனைகளும் மருத்துவ முகாம்களும் வழக்கமாக்க வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. இந்நோய் பற்றி வாதநோய் மருத்துவர் ஒருவரிடம் கட்டுரை பெற்றுத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.